கழிச்சேற்றில் ஆறு சதுரங்கள்

செங்கல்பட்டு,
11-1-1996

அன்புள்ள தனகோடிக்கு,

திங்கட்கிழமை கண்டக்டர் செல்வராஜ் மூலம் நீ அனுப்பிய புட்டிகள் வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. கால்கட்டைப் பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். படித்துறையில் பாசி இருக்கிறது என்று நீ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்து மைக்ரோஸ்கோப்பை வீட்டுக்கே கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். ஃபார்மலின் வாடையில் சாப்பாடு இறங்கவில்லை என்று கேசவன் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுகிறார்.

எழுதவந்தது வேறு. டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி நீ குழாய் இறக்கி எடுத்த சேற்றில், கம்பு நட்டு ஒதுக்கிய ஒவ்வொரு சதுரத்திலும் நூறுக்கு மேல் இளம்புழுக்கள் இருந்தன. ஐந்தாம் சதுரத்தில் நூற்று அறுபத்திரண்டு. ஜனவரி முதல் தேதியிலும் ஏறக்குறைய அதே அளவு. இந்த எட்டாம் தேதிப் புட்டிகளில், ஆறு சதுரங்களையும் சேர்த்துப் பதினொன்றுதான் இருக்கிறது. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாத அளவில் கடலில் சில வாரம் மிதந்துகொண்டிருக்கும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். முகத்துவாரம் திறந்திருக்கும்போது ஏறும் தண்ணீரோடு கழிக்குள் வரும். பிடித்த சேறு அமைந்தால் இறங்கி, குழல் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த புழு இடம் மாறாது. அப்படித்தான் நான் படித்திருக்கிறேன். ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் எங்கே போகும்?

கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுது. சதுரத்துக்குள்தான் குழாயை இறக்கினாயா? கம்பு நட்ட இடத்துக்குள் யாராவது கால் வைத்தார்களா? இப்போது இறால் பண்ணைக்காரர்கள் பெரிய புழுவை வாங்குவதோடு நிற்காமல், குஞ்சையே சேற்றோடு அள்ளித் தொட்டியில் வளர்க்கப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் கேட்கிறேன்.

மார்ச்சில் கலெக்டர் ஆபீசில் என் அறிக்கையை வைத்துத்தான் உங்கள் குப்பத்துப் பெண்கள் கழியில் புழு தோண்டலாமா கூடாதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். தோண்டாமல் விட்ட ஆறு சதுரங்களே காலியாக இருந்தால் நான் எதை வைத்து எழுதுவது?

பொங்கல் வாழ்த்துகள். உன் வீட்டுக்காரர் எல்லப்பனுக்கும் சொல்.

அன்புடன்,
வசுமதி


கழிமேட்டுக்குப்பம்,
17-1-1996

வணக்கத்துக்குரிய மேடம் அவர்களுக்கு தனகோடி எழுதுவது.

உங்கள் கடிதம் பொங்கல் முடிந்து வந்தது. கோபித்துக்கொள்ளாதே என்று நீங்கள் எழுதியிருந்ததால்தான் இதில் கோபப்பட ஏதோ இருக்கிறது என்று இரண்டாம் தடவை படித்தேன்.

சதுரத்துக்குள்தான் குழாய் இறக்கினேன். நீங்கள் கற்றுக்கொடுத்தபடி முழங்கை ஆழம் இறக்கி, மேலே உள்ளங்கையால் மூடி எடுத்தேன். சல்லடையில் அலசினேன். பென்சிலால் சீட்டு எழுதிப் புட்டிக்குள் போட்டேன். யாரும் உள்ளே கால் வைக்கவில்லை.

புழுவைப் பற்றி நீங்கள் படித்திருக்கிறீர்கள். நான் ஒன்பது வருடம் அதைத் தோண்டி வயிறு கழுவியவள். போன வருடம் உங்களிடம் வேலைக்கு வந்ததிலிருந்து தோண்டுவதில்லை. அதனால் இங்கே மற்றப் பெண்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் என் நாத்தனார் சாந்தாவே கேட்டாள், "இன்னாடி, கம்பு நட்டு எங்களை ஒதுக்கி நிறுத்திட்டு நீ மட்டும் உள்ள போயி இன்னா நோண்டிக்கினு கீற?" என்று. நான் வேவு பார்க்கிறேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நீங்களோ நான் அவர்களுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. இரண்டு பேருக்கும் நான் ஒருத்திதான் கிடைத்தேன்.

ஒன்று கேட்கலாமா? பண்ணைக்காரர்கள் கேட்பது சுண்டுவிரல் நீளப் புழு. தாய் இறாலுக்குத் தீனி அது. முடி மாதிரி இருக்கும் குஞ்சை அவர்கள் கேட்டு இந்தக் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. செங்கல்பட்டில் கட்டிலில் படுத்திருக்கும் உங்களுக்கு அதை யார் சொன்னார்கள்?

கால் சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
எ. தனகோடி


செங்கல்பட்டு,
24-1-1996

திருமதி தனகோடி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பத்தொன்பதாம் தேதி எங்கள் ஆய்வுக்கூடத்து அதிகாரி ஜானகிராமன் கழிக்கு வந்து பார்த்தார். உங்களிடம் சொல்லாமல் வந்ததற்குக் காரணம் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஆறாம் சதுரத்தின் இரண்டு கம்புகள் பழைய குழியில் இல்லை. பிடுங்கி, ஒரு சாண் தள்ளி நடப்பட்டிருக்கின்றன. அந்த ஓரத்தில் சேறு புரட்டப்பட்ட தடம் இருக்கிறது. டீக்கடையில் விசாரித்தபோது, சாந்தா என்ற பெண் மழைக்காலத்தில் கம்புக்குள்ளே தோண்டியதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சாந்தா உங்கள் நாத்தனார். "யாரும் உள்ளே கால் வைக்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். இதில் எது உண்மை?

ஒரு வருட வேலை இது. என் கால் நன்றாக இருந்தால் நானே வந்து நின்றிருப்பேன். முடியாததால் உங்களை நம்பினேன். ஒரு வரியில் பொய் இருந்தால் மற்ற வரிகளையும் நான் எப்படி எடுத்துக்கொள்வது? நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு சீட்டையும் இப்போது திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டைரக்டருக்கு எழுதிவிட்டேன். அவர் மேலே தெரிவித்திருக்கிறார். இனி நீங்கள் சேறு எடுக்க வேண்டாம். குழாய், சல்லடை, வலை, ஃபார்மலின் கேன் எல்லாவற்றையும் ஜானகிராமனிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

வசுமதி கேசவன்


கழிமேட்டுக்குப்பம்,
30-1-1996

மேடம் அவர்களுக்கு,

முதல் தடவையாக என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் பொய் எழுதினேன். சாந்தா தோண்டியது உண்மை. டிசம்பர் எட்டாம் தேதி. புயல் சின்னம் என்று ஒன்பது நாள் ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போகவில்லை. வெளியில் தோண்டும் இடமெல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. உங்கள் ஆறாம் சதுரம் மேட்டில் இருக்கிறது. அவள் வந்து என் வாசலில் நின்று, "ரெண்டு நாளா வூட்ல உலை வெக்கல அண்ணி" என்றாள். நானே கம்பைப் பிடுங்கி விட்டேன். ஓரத்தில் ஒரு கூடை எடுத்தாள். பிறகு கம்பை நட்டேன். ஒரு சாண் தள்ளி நட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவள் தோண்டியது எட்டாம் தேதி. நீங்கள் நூற்று அறுபத்திரண்டு எண்ணியது இருபத்தைந்தாம் தேதி. அவள் தோண்டியதற்கும் குஞ்சு போனதற்கும் என்ன சம்பந்தம்? அப்படியே இருந்தாலும் ஆறாம் சதுரத்தின் ஓரத்தில் எடுத்ததற்கு மற்ற ஐந்து சதுரம் ஏன் காலியாகிறது?

இதை ஜானகிராமன் சாரிடமும் சொன்னேன். "அதெல்லாம் மேடம் பாத்துப்பாங்கம்மா, நீ சாமானை எடுத்து வை" என்றார். மறுநாள் ஜீப்பில் இன்னும் இரண்டு பேர் வந்து, நாங்கள் குஞ்சைத் திருடியதாக எழுதி வந்திருக்கிறது என்றும், உத்தரவு வரும்வரை யாரும் கழியில் தோண்டக்கூடாது என்றும் சொல்லிப் போனார்கள். நாற்பது வீட்டுப் பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சாந்தா என்னோடு பேசுவதில்லை. அவளுக்காக நான் பொய் சொன்னதும் அவளுக்குத் தெரியாது, அந்தப் பொய்யால்தான் எல்லாருடைய வேலையும் போனது என்பதும் தெரியாது. எல்லப்பன் மட்டும் சொன்னார், "படிச்சவங்க பேஜாரு பண்ண மாட்டாங்கன்னு சொல்லிக்கினு இருந்தியே, இப்ப இன்னா சொல்ற?" என்று. 

இனி என் முறை. சனிக்கிழமை நானும் நாலு பெண்களும் இறால் பண்ணைக்குப் போய், கழுவுகிற வேலையாவது கொடுங்கள் என்று கேட்டோம். மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எண். ஐந்தாம் கட்டத்தில் 162. நீங்கள் ஒன்றுக்குத் தலையில் கொக்கி போடுவதும் ஆறின் வாலைச் சுழிப்பதும் எனக்குத் தெரியாதா? ஒரு வருடமாக உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தானே சீட்டு எழுதுகிறேன். "இது யார் போட்டது சார்?" என்று கேட்டேன். "எங்க அக்கா" என்றார். அவர் பெயர் ஹரிகிருஷ்ணன்.

எங்கள் பெண்களை விலக்கிவிட்டு அந்தப் பண்ணை கழியையே குத்தகைக்கு எடுக்கப்போகிறது என்று ஊரில் பேச்சு. இவ்வளவு நாள் நான் அதை நம்பவில்லை. அறிக்கையை யாருக்காக எழுதுகிறீர்கள் மேடம்?

தனகோடி


செங்கல்பட்டு,
3-2-1996

தனகோடிக்கு,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஹரி என் தம்பி. நவம்பரில்தான் அந்தப் பண்ணையில் சேர்ந்தான். இதை உங்களிடமும் சொல்லவில்லை, டைரக்டரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அப்போது தோன்றவில்லை என்று முதலில் எழுதினேன். அது சரியில்லை. தோன்றியது. சொன்னால் இந்த ஆய்வை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

டிசம்பர் முப்பதாம் தேதி என் காலைப் பார்க்க வந்தான். மேஜையில் புட்டிகளைப் பார்த்து என்னவென்று கேட்டான். இவ்வளவு இளம்புழுவை நான் எந்தக் கழியிலும் கண்டதில்லை. பெருமையில் கட்டம் போட்டு எண்களை எழுதிக் காட்டினேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நானும் திருப்பிக் கேட்கவில்லை. குஞ்சையே தொட்டியில் வளர்க்கப் பார்க்கிறார்கள் என்று சொன்னதும் அவன்தான்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று அவனை வரச்சொன்னேன். "ஆளை அனுப்பி அள்ளினியா?" என்று கேட்டேன்.

"உனக்கு என்னக்கா ஆச்சு? சேத்துல எறங்கி முடி மாதிரி புழு பொறுக்க என்கிட்ட ஆள் இருக்கா?"

"அப்ப தாளை எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"எங்க கம்பெனி டைரக்டர்கிட்ட காட்ட. கழியைக் கேட்டு மனு போட்டிருக்கோம்."

மனு போட்டிருப்பது எனக்குத் தெரியாது. நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. அவன் அள்ளவில்லை என்று சொல்வதை நானும் முழுதாக நம்பவில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் எதையும் பாதிதான் சொல்வான். உங்களையும் முழுதாக நம்பவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு முறை மறைத்தவர் நீங்கள். நானும்தான்.

ஆனால் ஒன்று. உங்கள் தேதிக் கணக்கைப் படித்தபின் ஜனவரி எட்டாம் தேதிப் புட்டிகளை மறுபடி திறந்தேன். புழுக்கள் கட்டியிருந்த சேற்றுக் குழல்கள் நூல் நூலாக அப்படியே கிடக்கின்றன. ஒடியவில்லை, நசுங்கவில்லை. உள்ளே புழு மட்டும் இல்லை. யாராவது தோண்டியிருந்தாலோ அள்ளியிருந்தாலோ குழல்கள் தூளாகியிருக்கும். இதை முதல் தடவையே பார்த்தேன். எண்ணுகிற அவசரத்தில், பிறகு கோபத்தில், கடந்து போய்விட்டேன்.

வீட்டைப் பூட்டாமல் போட்டுவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. நீங்கள் கழியில் எப்போதாவது இப்படிப் பார்த்ததுண்டா?

வசுமதி


கழிமேட்டுக்குப்பம்,
9-2-1996

மேடம் அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனு போட்டது பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. குழலைப் பற்றி எழுதியதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பெரிய புழு தோண்டும்போது காலிக் குழல் வந்தால், மீன் தின்றுவிட்டது என்று தூக்கிப் போடுவோம். அதற்குமேல் யோசித்ததில்லை.

பௌர்ணமி முடிந்த செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கழிக்குப் போனேன். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பலமாக இருக்கும், உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் சதுரத்துக்கு வெளியே குந்தினேன். உள்ளே கால் வைக்கவில்லை, சத்தியம். ஜனவரி கடைசியில் புதுக் குஞ்சு மறுபடி வந்து உட்கார்ந்திருந்ததால் சேற்றின் மேல் ஊசி முனை மாதிரி ஓட்டைகள் தெரிந்தன.

தண்ணீர் ஒரு விரல் உயரம் ஏறியது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஓட்டைகளிலிருந்து ஏதோ எழும்பியது. தையல் நூலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டதுபோல், இளஞ்சிவப்பாக. ஒவ்வொன்றாக வெளியே வந்து, சேற்றின்மேல் கொஞ்சம் நின்று, வளைந்து நெளிந்து, தண்ணீரில் தன்னை விட்டுவிட்டது. கையில் ஏந்திப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் சுற்றி வழவழவென்று ஒரு உறை. அதுதான் மிதக்க வைக்கிறது போலிருக்கிறது. ஓடத்தில் ஏறுவதுபோல் ஏறிப் போயின. யாரும் பிடுங்கவில்லை மேடம். தானாகவே போயின.

வீட்டுக்கு வந்து எல்லப்பனிடம் சொன்னேன். அவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னா அவங்க நம்பப் போறாங்களா? எங்க போய் எறங்குதுன்னு பாரு. அத்த எடுத்துக் குடு" என்றார்.

புதன்கிழமை அவரும் வந்தார். உங்கள் வலையை ஜானகிராமன் சார் எடுத்துப் போய்விட்டதால் எல்லப்பனின் பழைய வேட்டியை மூங்கில் வளையத்தில் தைத்துக்கொண்டேன். கட்டுமரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் போகும் போக்கிலேயே போனோம். நூறு எட்டுக்கு ஒரு தடவை வேட்டியைப் பிடித்துப் பார்த்தேன். பாலத்தடியில் நிறைய. கால்வாய் பிரியும் இடத்தில் இன்னும் நிறைய. பழைய உப்பளத்தை ஒட்டிய வளைவில் தண்ணீர் சுற்றி நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் வேட்டியில் ஒன்றும் இல்லை.

அந்த வளைவில் சேறு வெண்ணெய் மாதிரி. இடுப்பு வரை இறங்கும், அதனால் அங்கே நாங்கள் தோண்டுவதில்லை. உங்கள் குழாய் இல்லாததால் வீட்டுக் குழாயில் ஒரு துண்டு அறுத்து இறக்கினேன். செல்வராஜிடம் நான்கு புட்டி கொடுத்திருக்கிறேன். இரண்டு வேட்டியில் பிடித்தது, இரண்டு வளைவுச் சேறு. ஃபார்மலின் என்னிடம் இல்லை. கெடாமல் இருக்க இங்கே என்ன கிடைக்குமோ அதை ஊற்றியிருக்கிறேன். வாடையிலேயே தெரிந்துவிடும். எல்லப்பன் வருத்தத்தோடுதான் கொடுத்தார்.

எனக்கு இதற்குக் கூலி வேண்டாம். நாற்பது வீட்டுப் பெண்களைத் திருடிகள் என்று எழுதியதை மட்டும் அடியுங்கள்.

தனகோடி


செங்கல்பட்டு,
14-2-1996

தனகோடிக்கு,

புட்டிகளைத் திறந்ததும் கேசவன் சமையலறையிலிருந்தே, "இப்போ என்ன குடிக்கவும் ஆரம்பிச்சாச்சா?" என்றார். ஐந்து வாரத்தில் இந்த வீட்டில் சிரித்தது அன்றுதான்.

எண்ணினேன். வேட்டியில் பிடித்த இரண்டிலும் இளம்புழுக்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். வளைவுச் சேற்றில் ஒரு குழாய்க்கு இருநூற்று நாற்பதும் இருநூற்றுப் பத்தும். அங்கே கொஞ்சம் வளர்ந்தவையும் இருக்கின்றன, ஜனவரியில் போனவற்றின் வயது. நூலகத்திலிருந்து பழைய கட்டுரைகளை வரவழைத்தேன். வேறு கடல்களில் சில புழுக்கள் இப்படிச் செய்வதாக ஒருவர் எழுதியிருக்கிறார். முதலில் பாதுகாப்பான இடத்தில் இறங்கிக் கொஞ்சம் வளர்ந்தபின், மறுபடி தண்ணீரில் ஏறி இன்னொரு சேற்றுக்குப் போகின்றன. படித்திருக்க வேண்டியவள் நான். படிக்கவில்லை.

இவ்வளவு சரியாக இருக்கிறது. இருந்தும் நான் இன்னும் டைரக்டருக்கு எழுதவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையால்தான் சந்தேகம் வருகிறது. இது உண்மையானால் என் தம்பியும் அள்ளவில்லை, நீங்களும் அள்ளவில்லை, யாரையும் நான் இழக்க வேண்டியதில்லை. அவ்வளவு சௌகரியமான ஒன்றைச் சாராயத்தில் ஊறிய நான்கு புட்டிகளை வைத்து எப்படி ஏற்பது? டைரக்டர் முதல் கேள்வியாக, சதுரத்தில் எடுத்ததையே வளைவு என்று சீட்டு எழுதியிருக்கலாமே என்பார். எனக்கே அது ஒரு நிமிடம் தோன்றியது. மன்னியுங்கள்.

கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஊன்றுகோலோடு நடக்கிறேன். பத்தொன்பதாம் தேதி அமாவாசை. இருபதாம் தேதி விடியும்போது டாக்ஸியில் வந்து பாலத்தடியில் இருப்பேன். ஜானகிராமனும் வருவார். தயவுசெய்து யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

வசுமதி


செங்கல்பட்டு,
23-2-1996

அன்புள்ள தனகோடிக்கு,

செவ்வாய்க்கிழமை கட்டுமரத்தில் என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி உட்கார வைத்தீர்கள்.  வேட்டியைப் பிடித்து முதல் கையளவு நீங்கள் எடுத்து ஜானகிராமனிடம் நீட்டியபோது அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "சார், வேணும்னா எண்ணுங்க" என்றீர்கள். அவர் எண்ணவில்லை.

கரையில் இறங்கியதும் சாந்தா வந்து நின்றார். "இப்ப சொல்லுங்க, நாங்க இன்னா திருடினோம்?" என்றார். டாக்ஸியில் திரும்பும் வழியெல்லாம், திருக்கழுக்குன்றம் தாண்டியும், அதுவே கேட்டுக்கொண்டிருந்தது.

டைரக்டருக்கு எழுதிய கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மூன்று விஷயங்கள் எழுதியிருக்கிறேன். சதுரங்கள் காலியானதற்கு யாரும் காரணம் இல்லை. ஏறும் தண்ணீரில் இளம்புழு தானாக இடம் பெயர்வதை முதலில் பார்த்துச் சொன்னவர் கழிமேட்டுக்குப்பம் எ. தனகோடி. என் தம்பி பண்ணையில் வேலை செய்வதை மறைத்ததும், அவனிடம் எண்களைக் கொடுத்ததும் என் தவறு. மூன்றாவதை எழுதும்போது கேசவன் பக்கத்தில் நின்று, "இது தேவையா?" என்றார். தேவை என்று தெரிந்ததால்தான் கடைசியில் வைத்தேன், முதலில் வைக்கத் தைரியம் வரவில்லை.

என்ன நடக்கும் என்று தெரியவில்லை. ஹரி பேசுவதை நிறுத்திவிட்டான்.

நகல் உங்களுக்குப் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று எழுதுங்கள். மறுபடி வேலைக்கு வாருங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
வசுமதி


கழிமேட்டுக்குப்பம்,
28-2-1996

மேடம் அவர்களுக்கு,

நகல் கிடைத்தது. இங்கிலீஷில் இருக்கிறது. என் பெயர் மட்டும் அடையாளம் தெரிகிறது. இதை நான் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜீப் வந்து நின்று தமிழில்தான் எங்களைத் திருடிகள் என்றது. அதே இடத்தில் நின்று தமிழில் படியுங்கள். சாந்தா முன்னால் படியுங்கள். அவளுக்கு நான் சொல்லாமல் மறைத்ததையும் அன்று நானே சொல்லிவிடுகிறேன். வேலையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

தனகோடி


கழிமேட்டுக்குப்பம்,
22-3-1996

வசுமதி மேடம் அவர்களுக்கு தனகோடி எழுதுவது. நலம். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

மூன்றாம் தேதி நீங்கள் வந்து, ஜீப் நின்ற அதே மீன் ஏலத் திடலில் நின்று படித்தபோது, உங்கள் தவறு என்று எழுதிய வரியை இரண்டு தடவை படித்தீர்கள். பெண்கள் அதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நடிப்பு என்று சிலர். இல்லை என்று சாந்தா. அவள் உங்கள் பக்கம் பேசுவாள் என்று நான் நினைக்கவில்லை. என் பொய்யைப் பற்றிச் சொன்னபோது, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அவங்களாண்ட போயி ஒத்துக்கினு இருப்பேன்" என்றாள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எனக்கு இடம் விட்டாள்.

கலெக்டர் ஆபீஸ் உத்தரவு நேற்று வந்தது. உப்பளத்து வளைவில் யாரும் கை வைக்கக்கூடாது. மார்கழிப் பாதியிலிருந்து மாசிப் பாதிவரை குஞ்சு நகரும் காலம் என்பதால் அந்த இரண்டு மாதம் கழியில் எங்கும் தோண்டக்கூடாது. மற்ற இடத்தில், மற்ற மாதத்தில் நாங்கள் கையால் தோண்டலாம். கழியைக் குத்தகைக்கு விடுவது இப்போதைக்கு இல்லை. இரண்டு மாதம் சும்மா இருக்க வேண்டுமே என்று சில பெண்களுக்கு வருத்தம். அவர்களிடம் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஏறும் தண்ணீரில் அவர்களையும் அழைத்துப் போய்க் காட்டினேன். தனபாக்கியம் என்ற கிழவி அதைப் பார்த்துவிட்டு, "இத்தினி வருசமா இதுங்க மேலதான் நடந்துகினு இருந்தமா" என்றாள்.

அறிக்கையை உங்களுக்குப் பதிலாக ஜானகிராமன் சார் வாசித்தார் என்றும், உங்கள் மேல் விசாரணை இருக்கிறது என்றும் கேள்விப்பட்டேன். அந்த மூன்றாவது விஷயத்தை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் சொல்லியிருக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் எனக்கு முன்னால் சொல்லிவிட்டீர்கள்.

வேலைக்கு வருகிறேன். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சேறு எடுக்கிறேன். ஒரே ஒரு மாற்றம். இனி ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு குழாய் இறக்குவேன். ஒரு புட்டி செல்வராஜ் மூலம் உங்களுக்கு வரும். இன்னொன்று, அதே தேதி, அதே சீட்டு எழுதி, என் வீட்டில் இருக்கும். சாந்தாவின் மகள் சுவேதா ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அவளும் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். ஜானகிராமன் சாரிடம் சொல்லி, பாதிப் புட்டிகளையும் ஒரு கேன் ஃபார்மலினையும் எனக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. கட்டுமரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், அது எனக்கு நினைவிருக்கிறது. இருந்தாலும் இரண்டாவது புட்டி என்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எ. தனகோடி